ஏறாதே அண்ணனின் படகு

கால்வாய்த் தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏறாதே அண்ணன்' என்றால்தான் தெரியும். முப்பது வருஷமாகச் செங்கல் ஏற்றும் தட்டையான படகு அவருடையது. அதில் யார் கால் வைத்தாலும், "ஏறாதே!" என்று கத்திவிடுவார். பூனைக்கும் அதே சட்டம்தான். மனைவி மட்டும் ஏறலாம், செருப்பைக் கழற்றிவிட்டு.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து அவளை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். "கார்ல வந்தா குலுங்கும். நம்ம படகுலயே கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டிருந்தாள். அவளுக்காக ஒருநாள்கூட லோடை விட்டவரில்லை. அந்த உறுத்தல் அவருக்கு உண்டு. விடிந்ததும் விடியாததுமாகச் செங்கல் முழுவதையும் இறக்கி லாரியில் அனுப்பினார். படகைத் தேய்த்துக் கழுவி, மெத்தை விரித்து, தலையணைக்குப் புது உறைகூடப் போட்டார்.

கிளம்பி நூறடி போகவில்லை, படகின் மேலிருந்த சின்ன அறையின் கூரை பாலத்தில் இடித்தது. கால்வாயின் மேல்பக்கம் மதகைத் திறந்ததில் தண்ணீர் ஏறியிருந்தது. காலிப் படகு உயர்ந்து மிதந்தது. இரண்டு விரற்கடைதான் இடித்தது. செங்கல் இருந்திருந்தால் படகு அமிழ்ந்து சுலபமாக நுழைந்திருக்கும். நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று நொந்துபோனார். அவள் அங்கே வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாலத்து மேலிருந்து தையல்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, மாட்டிக்கிச்சா?"

"பாரம் பத்தலம்மா." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கொஞ்சம்... ஏறுங்களேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஏறுங்கன்னு சொன்னேன்!"

அதற்குள் பாலத்தில் கூடிவிட்ட தெருக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படகைப் படித்துறைக்குத் தள்ளி வந்ததும் ஒவ்வொருவராக ஏறினார்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ரொட்டிக்கடைக்காரர் மாவு மூட்டையோடு வந்தார். மெத்தையை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. இருபத்தேழு பேரும் தலையைக் குனிய, கூரை மயிரிழையில் தப்பியது.

ஆஸ்பத்திரிப் படித்துறையில் சக்கர நாற்காலியில் இருந்தவள் வாயைப் பிளந்தாள். "என்னங்க இது, தெருவையே ஏத்திட்டு வந்திருக்கீங்க?"

"திரும்பிப் போகவும் இவங்க வேணும்" என்றார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணு ஆயிட்டா இந்த மனுஷனுக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லையேன்னு பத்து நாளா தூங்காம கிடந்தேன்."

தையல்கார அம்மா மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்து நிறுத்தியதும், அவள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் பார்த்தாள். இடுப்பு வளையவில்லை.

"அதெல்லாம் வேணாம்" என்று கையை நீட்டினார். "நீ அப்படியே ஏறு."