பொருத்தனைப் பெட்டி

வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நான் தடுமாறினால் வாத்தியார் என் விரல் முட்டியில்தான் அடிப்பார். உள்ளங்கை அவருக்குப் போதாது. "அடுப்பூதப் போற களுதைக்குக் கணக்கு என்னத்துக்கு?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்பார். ஆண்பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பாளையங்கோட்டைக்குப் போய்ப் பயிற்சி முடித்து, அதே ஊருக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். ஊழியம் செய்ய வந்ததாக வெளியில் சொல்லிக்கொண்டேன். கோவில் ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது மட்டும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

என் வகுப்பில் பிரம்பு கிடையாது. பனையோலையும் புளியங்கொட்டையும்தான். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஓலை முடைய யாரும் சொல்லித்தர வேண்டாம். கையடக்கமாக ஒரு கொட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டி, முடையச் சொல்வேன். பிறகு நீளம், அகலம், உயரம் எல்லாம் இரட்டிப்பாக இன்னொன்று. "பெரிசுல சின்னது எத்தனை கொள்ளும்?" என்றால் "ரெண்டு!" என்று வகுப்பே கத்தும். சின்னதில் புளியங்கொட்டையை அள்ளிப் பெரியதில் கொட்டிப் பார்ப்பார்கள். இரண்டு கொட்டினால் கால்வாசிதான் ஏறும். எட்டாவதைக் கவிழ்த்த பிறகுதான் விளிம்பு தட்டும். அப்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! கணக்கென்றால் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்கிறவள்கூட மறுநாள் ஓலையோடு வந்து நின்றாள்.

அப்படி ஒரு நாள் வாத்தியார் உள்ளே வந்தார். இப்போது அவர் சபைக் கமிட்டியில் பெரிய தலை. ஆற்றுப் பாசனத்தில் வயல் வேறு. பள்ளிக்கூடமும் கமிட்டியின் கையில்தான் இருந்தது. தரையில் கிடந்த கொட்டான்களைக் காலால் எத்தினார்.

"என்னட்டி இது, வெளையாடவா ஒனக்குச் சம்பளம் குடுக்கோம்? பண்டிகை முடியட்டும். கணக்கை நிறுத்திட்டுத் தையலைப் போடச் சொல்லுதேன்."

கொட்டைகள் மூலைக்கு மூலை சிதறின. பிள்ளைகள் அழுதார்கள். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஒங்களுக்கு முடையத்தானே தெரியும்? எனக்குப் பொருத்தனைப் பெட்டி ஒண்ணு முடைஞ்சு வைங்க. போன வருசத்துப் பெட்டிக்கு ரெட்டிப்பு. நீளம், அகலம், உயரம், எதுலயும் கொறையப்பிடாது."

எங்கள் ஊரில் அறுப்புப் பண்டிகைக்குக் குடும்பம் குடும்பமாக ஓலைப்பெட்டியில் அரிசி கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். கடவுளுக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை என்று சபையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பெட்டி நிறைந்தே ஆக வேண்டும். இந்த வருஷம் இரட்டிப்பாகத் தருவேன் என்று அவர் எல்லோர் முன்னிலும் சொல்லியிருந்தார்.

முன் பெஞ்சுக்காரி என் காதில், "டீச்சர், எட்டுல்லா கொள்ளும்? சொல்லிருவமா?" என்றாள்.

"அவரு கேக்கட்டும், சொல்லுவோம்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் முடைந்ததில்லை.

பண்டிகையன்று வாத்தியார் போன வருஷத்துப் பெட்டியால் இரண்டு தரம் அளந்து கம்பீரமாகக் கொட்டினார். புதுப் பெட்டியில் கால்வாசி ஏறியது. சபை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மூட்டை வந்தது, கொட்டினார். பாதியைத் தாண்டவில்லை. மறுபடி ஆள் அனுப்பப் போனவரைப் பார்த்து, வீட்டில் அரிசி இல்லை என்று பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி தலையை ஆட்டினாள்.

"பெட்டியில ஏதோ சூது இருக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

குருவானவர் என்னிடம் விளக்கம் கேட்டார். நான் முன் பெஞ்சுக்காரியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவள் பழைய பெட்டியைப் புதுப் பெட்டியின் மூலையை ஒட்டி வெளியே வைத்துக் காட்டினாள்.

"அடியில நாலு வைக்கலாம், அதுக்கு மேல நாலு. எட்டு, ஸார். நீங்க எத்திவிட்டீங்கள்லா, அந்தக் கணக்குதான் இது."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. என் விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டே, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இனித்தது. பொய் சொல்வானேன்?

கமிட்டியில் தையல் பேச்சை எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. மீதி அரிசியை ஞாயிறுதோறும் எல்லோரும் பார்க்கச் சுமந்து வந்து பெட்டியை நிறைத்தார். பெட்டி நிறைந்த பிறகு அவர் மனைவி தன் கடைசி மகளைக் கூட்டிவந்து என் வகுப்பில் சேர்த்தாள். சூட்டிகையான பிள்ளை. அவளையும் சின்னதும் பெரியதுமாக இரண்டு கொட்டான் முடையச் சொன்னேன்.

"இது ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போ. அப்பா சாப்பிட உக்காரும்போது எதிர்ல வச்சு, எட்டு வரைக்கும் சத்தமா எண்ணிக் கொட்டணும்" என்றேன். "தெனமும்."