பெறாமகளும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் கடைசியில், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் நடந்தது. கனடாவிலிருந்து அக்கா போன் எடுத்தாள். "பிள்ளைக்கு ஒரு கெமிஸ்ட்ரி பாடம் செய்யக் கிடக்கு. அங்க யூனிவர்சிட்டியில சம்மர் கோர்ஸ் இருக்காம். ஆறு கிழமை உன்னோட வந்து நிக்கட்டே?"

அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள்; பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் முடித்த பிள்ளை. அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் ஆசை அவளுக்கு உண்டென்று எனக்குத் தெரியும். "உடன வரச் சொல்லு" என்று போனை வைத்தேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கணவர் தீர்ப்புச் சொன்னார்: "பெயில் விட்டிட்டாள் போல."

கோடை விடுமுறையில் ஒரு பிள்ளை ஒரேயொரு பாடத்துக்காகக் கடல் கடந்து வருகிறதென்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு காரணம் தோன்றாது. நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, உருகினேன். ஜன்னலில் நாலு மழைத்துளி விழுந்தாலே இரண்டு பக்கம் எழுதுகிறவள் நான். ஒரு தோற்ற பிள்ளை வீடு தேடி வருகிறதென்றால் சும்மா இருப்பேனா?

அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பிளாஸ்டிக் உருண்டைகள் நிறைந்த பெட்டியொன்றும் கூட வந்தது. காலையில் பாண் துண்டுக்குப் பக்கத்தில் அவற்றைக் குச்சிகளால் கோத்து ஏதேதோ மூலக்கூறுகள் கட்டுவாள். பாவம், எவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைப்பேன். 'சோதனை' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக்கூடாதென்று கணவருக்குக் கட்டளை போட்டேன். நண்டுக்கறி வைத்தேன்.

இரண்டாம் வாரம் அந்தச் சிரிப்புக் குறைந்தது. ஜூலை மாத வெளிச்சம், எழும்ப மனமில்லாத விருந்தாளி போல ஒன்பது மணிவரை எங்கள் குசினியில் உட்கார்ந்திருக்கும். அவளோ லாப்டாப்பைத் திறப்பாள், ஈமெயில் பார்ப்பாள், மூடுவாள். சோறு பாதியில் நிற்கும். இது பாடம் விளங்காத துக்கம்தான் என்று முடிவுகட்டி, நம்மவர்கள் எல்லா நோய்க்கும் கொடுக்கும் மருந்தையே கொடுத்தேன். ட்யூஷன்!

ஒரு கடைக்கு மேல் மாடியில், பல்கலைக்கழகம் போகுமுன் ஏ லெவல் சோதனை எடுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாஸ்டர் ஒருவர் சனிக்கிழமைகளில் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறார். "ஒருக்காப் போய் இருந்து பாரன், பிள்ளை" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஓகே சித்தி" என்றாள். லண்டனுக்கு வருகிறவர்கள் செய்யவேண்டிய சடங்கு ஏதோ என்று நினைத்தாளாம். பிறகு சொன்னாள்.

இரண்டாவது சனிக்கிழமை கூட்டிவரப் போனேன். மாடிப்படியிலேயே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், போர்டுக்கு முன்னால் இவள் உருண்டைகளைச் சுழற்றிச் சுழற்றி எதையோ விளக்குகிறாள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். மாஸ்டர் கடைசி வாங்கில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, உந்தப் பிள்ளையை ஏன் இஞ்ச அனுப்பினனீங்கள்? எனக்குப் படிப்பிக்கவோ?"

"இல்லை மாஸ்டர்... கனடாவில பெயில் விட்டதால..." என்று குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தியது போதவில்லை.

"பெயிலா? சித்தி, ஐ காட் ஏ பிளஸ்!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவளுடைய பட்டப்படிப்புக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒரு பாகம் போதும். அவள் விண்ணப்பிக்கும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் இரண்டு பாகம் கேட்கின்றன, ஆய்வுகூடப் பயிற்சியோடு. அந்த இரண்டாம் பாகத்துக்குத்தான் லண்டன். ஆனால் இங்கே படித்ததைக் கனடாப் பல்கலைக்கழகம் தன் கணக்கில் ஏற்றால்தான் அமெரிக்காவிலும் செல்லும். ஆய்வுகூட நேரம் எவ்வளவென்று இங்கிருந்து கடிதம் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, சித்தி."

கைக்குட்டையை அவளிடம் நீட்டினேன்.

"கோர்ஸ் ஆபீசில கேட்டனியோ?"

"ஆறு ஈமெயில் போட்டனான். எல்லாம் 'சொரி டு பொதர் யூ' எண்டுதான் தொடங்கினது. ஒண்டுக்கும் பதில் வரேல்லை."

மன்னிப்புக் கேட்காமல் வாய் திறக்காத கனடாப் பிள்ளை! திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் அவளையும் இழுத்துக்கொண்டு கோர்ஸ் ஆபீசுக்குப் போனேன். கெமிஸ்ட்ரியில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அகதியாக இந்த நாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து நான் தேர்ந்த பாடமொன்று உண்டு: கடிதம் கையில் வராமல் கதிரையை விட்டு எழும்பக்கூடாது.

பொறுப்பாளர் லீவில், பத்து நாளில் பதில் வருமென்றார் கவுண்டரிலிருந்த பெண். "நாங்கள் இருக்கிறோம்" என்று இருந்தேன். பிளாஸ்க்கைத் திறந்தேன். சாப்பிடக் கொண்டுபோன ரோல்ஸ் பொதியையும் அவிழ்த்தேன். பெறாமகள் வெட்கத்தில் ஜாக்கெட்டுக்குள் ஒளிந்தாள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணே எழும்பி வந்து, உண்மையில் என்ன வேண்டுமென்று விசாரித்தார். கேட்டதும், இவ்வளவுதானா என்பதுபோல் அவர் முகம் மலர்ந்தது. ஆய்வுகூடக் கதவில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் பிரதி எடுத்தார், கடிதம் அடித்தார், விரிவுரையாளர் ஒருவரை வெள்ளைக் கோட்டோடு கீழே வரவழைத்துக் கையெழுத்தும் வாங்கினார்.

"சீல்?" என்றேன். இப்போது யாரும் சீல் குத்துவதில்லை என்றார். நான் கடிதத்தை எடுக்காமல் நின்றேன். அவர் மேசை லாச்சிகளைக் கிளறி ஒன்றைக் கண்டுபிடித்து, ஆசையோடு இரண்டு தரம் குத்தினார். பிறகு ஒரு ரோலும் எடுத்துக்கொண்டார்.

அன்றே கடிதத்தை அனுப்பினோம். வியாழக்கிழமை கனடாவிலிருந்து பதில்: ஏற்றுக்கொண்டோம். குசினியில் அவள் போட்ட கூச்சலில் என் கணவர் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். "நான் அப்பவே சொன்னனான், உவள் கெட்டிக்காரி எண்டு" என்றார், வெட்கமேயில்லாமல்.

இப்போது அவள் அமெரிக்காவில் மருத்துவம் முதலாம் ஆண்டை முடித்துவிட்டாள். அன்பென்று நினைத்து ஒரு கெட்டிக்காரியை மூன்று வாரம் தோற்றவளாக வீட்டில் வைத்திருந்த வெட்கம் எனக்கு இன்னும் நன்மை செய்துகொண்டிருக்கிறது: எவருடைய முகமாவது வாடிக் கண்டால், இரங்குவதற்கு முன் என்ன வேண்டுமென்று கேட்கிறேன், கேட்டுவிட்டு, எனக்கு மிகவும் கஷ்டமான காரியம்தான், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.