போடியாரின் தட்டைப் போத்தல்

டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவனிடம் நோயோடு சேர்ந்து நோயாளியின் வீட்டுக் கதையும் வந்துவிடும். இதே தொழிலில் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த உங்களுக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு டொக்டரிடம் அந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

மண்ணெண்ணெய் மணம்

மிக்சர் என்ற தண்ணீர் மருந்துக்குப் போத்தல் நாங்கள் கொடுப்பதில்லை. நோயாளிதான் கொண்டுவர வேண்டும். தேன் போத்தல், சர்பத் போத்தல், மண்ணெண்ணெய்ப் போத்தல் என்று வீட்டில் கிடப்பதெல்லாம் வரும். சாராயத் தட்டைப் போத்தலும் வரும். பழைய போத்தல் வியாபாரியிடம் அதை வாங்கித் தேங்காயெண்ணெய் ஊற்றி வைக்காத வீடு அப்போது குறைவு. கழுவிக் கொண்டுவாருங்கள் என்று கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். இருமல் மருந்து கொண்டுபோன, மாவடிப்பள்ளியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் மறுவாரம் வந்து சொன்னார்: "இருமல் நிண்டிட்டு தம்பி. ஏப்பம் விட்டா விளக்குப் பத்திருமோ எண்டுதான் பயமாக் கெடக்கு."

கொழுத்த ஈரல்

போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரர்; ஆதம்பாவா போடியாருக்குச் சம்மாந்துறையில் வீடு, நாவிதன்வெளிப் பக்கம் பெரிய வயல். பள்ளிவாசலில் தன் வம்சத்துக்காகப் பேசும் மரைக்கார் பதவியும் அவரிடம்தான் இருந்தது. சாராய வாடை அடிக்கும் ஆளோடு ஒரே பஸ் சீட்டில் உட்கார மாட்டார். அவருடைய பலவீனமெல்லாம் நெய்ச்சோறும் வட்டிலப்பமும்தான். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்தெடுக்க வந்தவரின் வயிற்றை டொக்டர் அமுக்கிப் பார்த்தார். ஈரல் வீங்கியிருக்கிறது, கொழுப்புப் படிந்திருக்க வேண்டும், வாயைக் கட்டுங்கள் என்றார். போடியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கொழுத்த ஈரலுக்குத்தானே டொக்டர் இறைச்சிக்கடையில சண்டையே நடக்குது!"

தொய்ந்த கைகள்

சில வருஷங்களில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பகலில் தூங்கி விழுந்தார், இரவில் விழித்திருந்தார். பேச்சுக் குழறியது. சொந்த வயலுக்குப் போகும் வழியை வண்டிக்காரனிடம் கேட்டார். டொக்டர் கைகளை நீட்டச் சொன்னபோது அவை மணிக்கட்டில் தொய்ந்து தொய்ந்து எழுந்தன.

கொழுப்புப் படிந்து ஈரல் சுருங்கிவிட்டது, இரத்தத்திலுள்ள நஞ்சை அதனால் சுத்தம் செய்ய முடியவில்லை, அது மூளைக்கு ஏறுகிறது என்று போடியாரின் மனைவி பாத்தும்மாவுக்கு டொக்டர் விளக்கினார். தினமும் வயிறு போனால் நஞ்சு குறைந்து புத்தி தெளியும் என்று ஒரு மிக்சர் எழுதினார். பாத்தும்மா பளபளவென்று கழுவிய தட்டைப் போத்தல் ஒன்றை நீட்டினார். நிரப்பிக் கொடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வயித்துல இரிக்கிற ஈரல் தலைக்கு என்ன செய்யும் தம்பி? ஆரும் சூனியம் செஞ்சிருப்பாங்களோ?"

பள்ளிவாசல் விசாரணை

பஸ்ஸுக்கு நின்ற போடியார் தள்ளாடியதையும், அவர் இடுப்பில் செருகியிருந்த போத்தலையும் கடைத்தெரு பார்த்தது. ஊருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அடுத்த வெள்ளிக்கிழமை மரைக்கார் பதவி வேறொருவருக்குப் போனது. அதற்கு முன் ஒப்புக்கு விசாரிக்க ஒரு ஹாஜியார் எங்களிடம் வந்திருந்தார். டொக்டர் ஈரலின் கதையை முதலிலிருந்து சொன்னார். நான் மருந்தையே எடுத்து நீட்டினேன். ஹாஜியார் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடிக்காத மனிசன்ட ஈரல் கெடுமா டொக்டர்? ஆருக்குப் பேய்க்காட்டுறீங்க?"

தெளிந்த பிறகு

மருந்து வேலை செய்தது. அதுதான் கொடுமை. தொழுகை வரிசையில் பக்கத்திலிருந்தவர்கள் ஏன் விலகி நிற்கிறார்கள் என்பது புத்தி தெளிந்த போடியாருக்கு விளங்கிவிட்டது. "நான் தொட்டதில்ல எண்டு ஒனக்குத் தெரியுந்தானே மகன்?" என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் ஒரு தடவை அதைத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சொல்வதற்குத் தெளிவு வேண்டும், மருந்தை விட்டுவிடாதீர்கள் என்றேன்.

அவர் சொல்லவில்லை. மறுபடி மயங்கி, அப்படியே மௌத்தாகிவிட்டார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவை முடித்த பாத்தும்மா ஒருநாள் வந்து அந்தப் போத்தலைக் கவுண்டரில் வைத்தார். கழுத்து வரை மருந்து அப்படியே இருந்தது. "தெளிஞ்சா அழுவார் தம்பி. மறந்து கெடந்தா, பள்ளிக்குப் போகணும் தொப்பியத் தா எண்டு சிரிச்ச மொகத்தோட கேப்பார். நாந்தான் மருந்தக் குடுக்காம உட்டன்."

போத்தலைக் கழுவிக் கொண்டுவரச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். ஊரின் வாயைக் கழுவ எங்களிடம் மருந்து இருக்கவில்லை.