ஆவணி பிறந்தும் காலியாகாத வீடு

முத்துவீரன் அண்ணன் இருபத்தெட்டு வருடம் காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. அப்படிப்பட்டவர் சொன்ன நாளில் வீட்டைக் காலி செய்யவில்லை என்றால் கோட்டையூரில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நம்பித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டை வாங்கியவன் நான்.

ஆனிக் கடைசியில் பத்திரம் பதிந்தோம். பதிவு அலுவலக வாசலிலேயே சாவியை என் கையில் வைத்தார். வைத்த கையோடு, "தம்பி, நாளக்கழிச்சு ஆடி பொறக்குது. ஆடியில சாமானத் தூக்கிக்கிட்டு இன்னொரு வாசல் ஏற முடியுமா? ஆவணி மொத முகூர்த்தத்துல கிளம்பிர்றோம்" என்றார்.

என் மனைவி தேவிகாவும் ஆடியில் பால் காய்ச்ச ஒப்பமாட்டாள். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

வேலைக்கு மஸ்கட் திரும்பிய பிறகுதான் எழுதி வாங்காதது உறுத்தத் தொடங்கியது. அறை நண்பன் கதிரவன் வேறு, "எழுத்து இல்லாம உள்ள விட்டா, நாளாக ஆக வாடகைக்கு இருக்கோம்னு சொல்லிருவாகடா" என்று தினமும் எண்ணெய் ஊற்றினான்.

ஆவணி பிறந்தது. போன் செய்தால், "இந்தா கிளம்புறோம் தம்பி." அடுத்த வாரமும் அதே பதில். பத்து நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தது. ஞாயிறு விமானம். இதை விட்டால் அடுத்த விடுப்பு ஒரு வருடம் கழித்துத்தான்.

செவ்வாய் காலை போய்ப் பார்த்தால், கூடம் முழுக்கச் சாக்கு மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. சமைக்க இரண்டு பாத்திரமும், சுவரில் அந்தக் கடிகாரமும்தான் மிச்சம்.

"வாங்க தம்பி, காப்பி குடிக்கிறீகளா?" என்றார் அவர் மனைவி புஷ்பவள்ளி. என் வீட்டிலேயே என்னை வரவேற்றார்.

"என்னண்ணே, எல்லாம் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கீக?"

"கிளம்பணும் தம்பி."

"எப்ப?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினேன். ஆவணி முப்பதுக்குள் காலி செய்கிறேன் என்று இரண்டே வரி. படித்ததும் அவர் முகம் சிவந்தது.

"வீட்டையே எழுதிக் குடுத்தவன் நான். இதுக்கொரு தாளா? என்னைய யாருன்னு நெனச்சீக?"

"யாருன்னா? வண்டிய எடுக்காம ஹாரன் மட்டும் அடிக்கிற டிரைவருன்னு நெனச்சிருப்பாக!" அடுப்படியிலிருந்து புஷ்பவள்ளி அக்காவின் குரல் வந்தது. "உள்ளதச் சொல்லித் தொலைங்களேன்."

கடைசியில் அக்காவே சொன்னார். காரைக்குடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இவர்கள் ஒரு சின்ன வீடு வாங்கி, அதையும் ஆனியிலேயே பதிந்திருக்கிறார்கள். விற்ற அழகுராஜாவும் ஆடி முடியட்டும் என்று கேட்டு, இன்னும் அங்கேயே இருக்கிறார்.

"எழுதி வாங்கலையாண்ணே?"

"கேக்க வாய் வரல" என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பகலிலேயே இருவரும் டவுன் பஸ் ஏறினோம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வலது காலால் தரையை மிதித்தார்.

அழகுராஜா கேட்டைத் திறந்து சிரித்தபடி வந்தார். நான் அதே தாளை அவரிடமும் காட்டியதும், "தாளெல்லாம் எதுக்குண்ணே? பேசுன பேச்சு பேச்சுதானே? மகன் வீட்டுல பூச்சு வேலை நடக்குது. அது காஞ்ச மறுநாள் நாங்க அங்குட்டுப் போயிருவோம்" என்றார். தேதி கேட்டோம். "வெயிலு அடிச்சா ஒரு வாரம்" என்றார்.

கோட்டையூரில் இறங்கி, பஸ் நகர்ந்த பிறகு அண்ணன் கை நீட்டினார்.

"அந்தத் தாளக் குடுங்க தம்பி. பேனாவும்."

டீக்கடைப் பலகையில் வைத்து, ஆவணி முப்பது என்பதை அடித்தார். அதற்கு மேலே, 'அழகுராஜா காலி செய்த மறுநாள்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் கீழே தன் பழைய டெப்போ பணி எண்ணையும் எழுதினார்.

"தெரியாத நேரத்தச் சொல்லி வண்டி எடுக்க மாட்டேன். இது நெசம்."

வெள்ளிக்கிழமை மூட்டைகளுக்கு நடுவே பால் பொங்கியது. எந்தச் சாக்கில் தம்ளர் இருக்கிறதென்று புஷ்பவள்ளி அக்காவுக்குத்தான் தெரியும் என்பதால், எங்கள் வீட்டுப் பாலை எங்களுக்கு அவரே ஊற்றிக் கொடுத்தார். தேவிகா அவரைக் கட்டிக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சி விமான நிலையத்தில் அந்தத் தாளை நான்கு தடவை படித்துவிட்டேன். என் வீடு என் கைக்கு வருவது, முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் வீட்டுச் சுவர்ப் பூச்சு காய்வதைப் பொறுத்தது.

கண்ணாடிக்கு வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. காரைக்குடியில் மழையா என்று கேட்க அண்ணனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இங்குட்டும் பெய்யுது தம்பி" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.