நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?

பிரகாசம் அண்ணன் இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கைபேசியில் 'டிரைவர் அண்ணன்' என்று பெயர் தெரிந்தது. குரல் பதிவு. தொட்டால் திரை இருண்டது, சத்தம் வரவில்லை. மறுபடி தொட்டேன், மறுபடி இருட்டு. அதைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே, முன்பு ஒருமுறை அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "மேல நெத்திகிட்ட ஒரு கண்ணு இருக்குங்க. அத வெரலால மூடிட்டா, நீங்க காதுல வெச்சுட்டீங்கன்னு அது நெனச்சுக்கும்." விரலை எடுத்தேன். அவருடைய மகள் பேசினாள். "அப்பா விடியக்காலைல போயிட்டாருங்க. ஏலாக்குறிச்சியிலதான் அடக்கம்." அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அரியலூரில் எங்கள் சர்வே ஆபீஸில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஆபீஸ் ஜீப்பின் டிரைவர். ஆண்டிமடம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், எத்தனை பேர், எத்தனை முந்திரி மரம், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டுக் குறிப்பது எங்கள் வேலை. அதற்காக எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு கையடக்கக் கணினி வந்தது. ஸ்மார்ட்போன் ஊருக்குள் வராத காலம். கனமான கறுப்புக் கட்டை, அதைத் தொட ஒரு பிளாஸ்டிக் குச்சி. நாங்கள் அதை மெஷின் என்போம். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரே நாள் பாடம் நடத்திவிட்டுப் போனவர்தான், அப்புறம் போனை எடுக்கவில்லை. மெஷின்களை ஜீப் பேட்டரியிலிருந்து சார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பிரகாசம் அண்ணன்தான் மெல்ல மெல்ல எங்களுக்கு இன்ஜினியர் ஆனார்.

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சாமி படம் போட்ட ஒரு டைரியில் திரையையே படமாக வரைந்து வைத்திருந்தார். ஒரு கட்டம், கட்டத்துக்குள் கட்டம், எதைத் தொட வேண்டுமோ அதன்மேல் ஒரு புள்ளி. ஒருநாள் ஒரு அம்மாளின் இருநூறு முந்திரி மரங்கள் என் மெஷினில் இருநூறு ஆடுகளாகப் பதிவாகிவிட்டன. நான் மரத்தைத் தொடுகிறேன், அது ஆட்டைத் திறக்கிறது. அண்ணன் டைரியைப் புரட்டினார். திரையில் ஒவ்வொரு மூலையிலும் வரும் கூட்டல் குறியின் நடுவில் குச்சியால் குத்தச் சொன்னார். ஐந்தாவது குத்தில் ஆடுகள் ஒழிந்தன. "ஒண்ணும் கெட்டுப்போவலைங்க. அதுக்குத் தெச தவறிப் போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

ஆனால் அவருடைய பெரிய வித்தை டைரியில் இல்லை. மெஷின் நின்றுவிட்டது என்று யார் போனாலும் ஜீப்பின் முன் சீட்டில் உட்காரச் சொல்வார். கதவைச் சாத்துவார். ஒரே ஒரு கேள்வி: "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

எல்லாருடைய பதிலும் ஒன்றுதான். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுவா நின்னுடுச்சு."

"சரிங்க. கொஞ்ச நேரம் ரோட்டப் பாப்போம்" என்பார். மெஷினைத் தொடமாட்டார். கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு பஸ் போகும், இரண்டு சிமெண்ட் லாரி போகும். அதற்குள் உண்மை வந்துவிடும். அவர் கேட்டது யாரையும் குற்றம் சொல்ல அல்ல. தானாக நின்றதென்றால் பின்னால் இருக்கும் ஓட்டையில் ஊசியால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். தண்ணீரில் விழுந்ததென்றால் பட்டனைத் தொட்டாலே போச்சு. நோய்க்கு மருந்து உண்மையில் இருந்தது. சீட்டில் சொன்னது சீட்டோடு போகும், இன்னொருவர் காதுக்குப் போகாது. அதற்கு நாங்கள் பாவசங்கீர்த்தன சீட் என்று பெயர் வைத்தோம். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மாதம் தவறாமல் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர், அந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்களோடு இருந்த தனசேகர் ஒருமுறை மெஷினை மோட்டார் கொட்டகைத் தொட்டியில் போட்டுவிட்டான். மூன்று லாரி போன பிறகு ஒப்புக்கொண்டான். அண்ணன் பேட்டரியைக் கழற்றி, துண்டில் சுற்றி, இரண்டு நாள் நிழலில் காயவைத்தார். மெஷின் பிழைத்தது. தனசேகருக்கு அது போதவில்லை, தானாகவே போய் அதிகாரியிடமும் சொன்னான். அன்றிலிருந்து ஆபீஸில் அவனுக்கு 'தொட்டி' என்று பெயர். உண்மையைச் சொல்லிக் கெட்ட பேர் வாங்கியவன் அவன்.

இனி என் கதை. இதைச் சொல்லாமல் அண்ணனுக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அந்த மெஷின்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சார்ஜ் அடியோடு தீர்ந்தால் உள்ளே இருந்த எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் ஒரு கிராமம் முடிந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றும்வரை, தினமும் அலமாரியில் வைத்து சார்ஜ் போட வேண்டும் என்பது சட்டம். அலமாரிப் பொறுப்பு தனசேகருடையது. பொங்கல் லீவுக்கு முந்தின நாள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் என் நாலாம் நம்பர் மெஷினைப் பையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். அதே பையோடு சிறுவாச்சூர் காளி கோயிலுக்கும் போனேன். ஐந்து நாள் கழித்து ஆபீஸுக்குக் கொண்டுவந்து திறந்தால் மெஷின் அன்று பிறந்த பிள்ளைபோல் என்னிடம் தேதி கேட்டது. ஒரு கிராமம் முழுக்கப் போய்விட்டது.

அதிகாரி கேட்டபோது வாய் முந்திக்கொண்டது. "லீவுக்கு முன்னாடியே அலமாரியில வெச்சுட்டேன் சார்." தனசேகர் பதறினான். "நாலாம் நம்பர் அலமாரியில இல்லவே இல்ல சார்!" தொட்டி சொன்னதை யார் நம்புவார்கள்? மாதக் கடைசியோடு அவனை அனுப்பிவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார். அவனுக்கும் செல்விக்கும் கல்யாணம் ஆகி மூன்று மாதம்.

மறுநாள் பிரகாசம் அண்ணன் என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். ஆண்டிமடம் வரை ரோட்டைப் பார்த்தோம். எத்தனையோ லாரி போயின. நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். "மெஷின் பையில இருந்துச்சுங்க." சிறுவாச்சூர்க் குங்குமம். வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் குரல் உயரவில்லை. "ரோடு எங்கயும் போயிடாதும்மா. எப்ப வேணா பாக்கலாம்."

அன்று சாயங்காலம் அவரே அதிகாரியிடம் போனார். "போனது போச்சு சார். வூடெல்லாம் அங்கயேதான இருக்கு? மறுபடியும் போயிக் கேட்டுக்குவோம். வேல முடிஞ்சுட்டா தனசேகர விட்ருங்க." அதிகாரி தலையாட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், அண்ணன் ஜீப்பை எடுத்தார். நானும் தனசேகரும் அந்த ஊரின் எல்லா வீட்டுக்கும் மறுபடி நடந்தோம். "போன மாசந்தானே எல்லாத்தையும் எழுதிட்டுப் போனீங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம் தனசேகர்தான் மன்னிப்புக் கேட்டான். வெயிலில் எனக்கு இளநீர் வாங்கித் தந்தான். அவன் வேலை தப்பியது. நான் சொல்லவில்லை. அண்ணனும் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் மறுபடி கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தனசேகர் தன் காரில் ஏறிக்கொள்ளச் சொன்னான். இப்போது பெரம்பலூரில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். முன் சீட்டில் உட்கார்ந்தேன். கீழப்பழுவூர் தாண்டியதும் என்னை அறியாமல் வந்துவிட்டது.

"தனசேகர், நாலாம் நம்பர் மெஷின நான்தான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். சார்ஜ் போடல. பழிய ஒம்மேல போட்டுட்டேன்."

அரியலூர் வந்ததும் காரை ஓரம் கட்டினான். பிறகு, "அக்கா, அன்னைக்கு செல்விகிட்ட அடிச்சு சத்தியம் பண்ணேன், மெஷின் அங்க இல்லவே இல்லன்னு. அவ நம்பல. இன்னைக்கும் நான் கேஸ் அடுப்ப அணைக்க மறந்தா, 'இது என்ன ஒங்க ஆபீஸ் மெஷினா'ன்னு கேக்குறா. எங்கிட்ட சொன்னா பத்தாதுக்கா. நீங்க வந்து அவகிட்ட சொல்லணும்" என்றான்.

அடுத்த ஞாயிறு போனேன். நாற்காலியில் உட்காராமலே சொல்லிவிட்டேன். செல்வி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். "அப்ப நீங்க சொன்னது நெசந்தானா?" தனசேகர் ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் செல்வி என்னைத் திட்டினாள் பாருங்கள், அத்தனை வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. திட்டி முடித்ததும் தோசைக்கல்லை வைத்தாள்.

பிரகாசம் அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவை இரண்டு. அவருடைய கேள்வி ஒன்று. அவர் கையிலிருந்து வாங்கி, நெற்றியில் வைக்கத் துணியாமல் இத்தனை வருடம் பீரோவில் வைத்திருந்த அந்தப் பொட்டலம் இன்னொன்று. அன்றைக்குக் கையோடு கொண்டுபோயிருந்தேன், செல்வி வீட்டில்தான் அதைப் பிரித்தேன். கட்டி தட்டியிருந்தது, நிறம் மாறவில்லை. செல்வி ஒரு விரலால் பொடித்து, தனக்கு வைத்துக்கொண்டு எனக்கும் வைத்துவிட்டாள்.