கரன்ட் போடாத கீபோர்ட்

டொக்… டொக்டொக்… டொக்.

கரன்ட் போடாத கீபோர்டில் கட்டைகளை அழுத்தினால் இந்தச் சத்தம்தான் வரும். பாட்டு வராது. யாரோ நகத்தால் மேசையைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் மகள் ஜெனி அப்படித்தான் பிராக்டிஸ் பண்ணுவாள்.

ராயக்கோட்டையில் லைன் வீடு எங்களுக்கு. ஒரே அறை. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் நைட் ஷிஃப்ட். வழியில் சானமாவு காட்டில் யானை ரோட்டுக்கு வந்துவிட்டால் கம்பெனி பஸ் நின்றுவிடும், அவர் வீடு வந்து சேர வெயில் ஏறிவிடும். வந்ததும் பாயில் விழுவார். அவர் எழுந்திருக்கும் வரைக்கும் தண்ணீர்க் குடத்தைக்கூடப் பார்த்துத்தான் கீழே வைப்பேன்.

ஜெனிக்கு மாதா கோவிலில் வாசிக்க ஆசை. பழைய கீபோர்ட் ஒன்று வாங்கினோம். அவள் அதைப் பியானோ என்றுதான் சொல்வாள். ஹெட்போன் சொருகுகிற இடம் கெட்டுப்போயிருந்தது. அதனால் லீவு நாட்களில் ஸ்விட்ச் போடாமலே உட்காருவாள்… அப்பாவின் கால்மாட்டில்.

"சத்தமே வராம என்னத்தடி கத்துக்குவ?"

"எனக்குக் கேக்குதும்மா. நீ வெங்காயத்த உரி."

கோவிலில் வாசிக்கிற அக்கா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் என்னிடமும் ஒப்பிப்பாள். முதலில் வலது கை மட்டும். அது படிந்த பிறகு இடது கை. அப்புறம்தான் இரண்டும். தப்பு வந்தால் பாட்டை முதலிலிருந்து தொடங்கக் கூடாதாம். தப்பு வந்த துண்டை மட்டும் எடுத்து மெதுவாக, மெதுவாக வாசிக்க வேண்டுமாம். அவசரப்பட்டால் விரல் அந்தத் தப்பையே கற்றுக்கொண்டுவிடுமாம். சரியாக வந்ததும் மூடிவைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் உட்காரக் கூடாது.

காணிக்கைப் பாட்டில் ஒரு இடம் அவளுக்கு வரவே இல்லை. மூன்று விரல் வாசித்ததும் கட்டைவிரல் அடியில் புகுந்து அடுத்த கட்டையைப் பிடிக்க வேண்டும். டொக் டொக் டொக்… அங்கேயே நிற்கும். பிறகு மெதுவாக மறுபடியும். எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. அந்தத் தடுக்கல் மட்டும் மனப்பாடம்.

அவள் வாசிக்க வேண்டிய திருவிழாவுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. பெங்களூர் வரைக்கும் கொண்டுபோனோம்… பேசிக்கொண்டே வந்த பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் திருப்பிக் கொண்டுவந்தோம்.

கீபோர்டைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டோம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவர் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

டொக் டொக் டொக்… நின்றது. மெதுவாக மறுபடியும்.

எனக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். அவர்தான். மல்லாந்து தூங்குகிறார். வலது கை பாய்க்கு வெளியே சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. விரல்கள் தட்டுகின்றன. இரும்புத் தகடு தூக்கிக் காய்த்துப்போன விரல்கள்… மூன்று தட்டு தட்டியதும் அந்தத் தடித்த கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் புகப் பார்க்கிறது. முடியாமல் நிற்கிறது.

அதற்குப் பிறகு தினமும். பகல் தூக்கத்தில் மட்டும். வார லீவில் ராத்திரி படுத்தால் அந்தக் கை சும்மா கிடக்கும். நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம்.

வீட்டு ஓனரம்மா தெலுங்குக்காரங்க. ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஏமம்மா ஸ்டெல்லா, உங்க ஊட்டுக்காரரு தூங்கறாரா, தவில் வாசிக்கறாரா?" என்று சிரித்தவர்கள், கொஞ்ச நேரம் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டார்கள். "இது நல்லதுக்கில்ல. எங்க ஊருல ஒருத்தரு கயிறு மந்திரிச்சுக் கட்டுவாரு. கூட்டிட்டுப் போ."

"கட்டினா கை நின்னுடுமாக்கா?"

"ஒரே வாரத்துல அடங்கிடும்."

"அப்ப வேணாங்க்கா."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன மாதம் அவர் சிரித்த முகத்தோடு வந்தார். ஜெனி போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "ஸ்டெல்லா, ஜெனரல் ஷிஃப்ட் குடுக்கறாங்களாம். இனிமே ராத்திரில மனுசனாட்டம் தூங்கலாம்."

எத்தனையோ வருஷமாக நான் கேட்டு வேண்டிக்கொண்ட ஷிஃப்ட். எனக்கு அழுகைதான் வந்தது. வேறு வழியில்லாமல், பகல் தூக்கத்தில் அவர் விரல் ஆடுவதைச் சொல்லிவிட்டேன்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை ஆடறது எனக்குத் தெரியாது… ஆனா பாப்பா வாசிக்கறது கேக்குது."

"டொக் டொக்குன்னா?"

"இல்ல. பாட்டாவே கேக்குது. நல்ல சத்தமா. அந்தக் கட்டைவிரல் எடம்தான் இன்னும் வரமாட்டேங்குது பாவம்."

அந்த இடத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. விரல் ஆடுகிறது என்று மட்டும்தான் சொன்னேன். அவள் பிராக்டிஸ் பண்ணும்போது அவர் ஒருநாளும் முழித்திருந்ததும் இல்லை.

"ஜெனரல் வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லிடுங்க."

அப்போதெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டே மாதாவிடம் கேட்பேன், திருவிழாவுக்குள் என் பிள்ளைக்கு அந்த இடம் வந்துவிட வேண்டும் என்று. இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வந்துவிடக் கூடாது என்று கேட்கிறேன். வந்துவிட்டால் எழுந்து போய்விடுவாளே…

நேற்று மத்தியானம் கட்டைவிரல் முழுசாக உள்ளே போய்விட்டது. அது தரையில் படுவதற்குள் அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முழிக்கவில்லை. கை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு என் உள்ளங்கையில்… மெதுவாக, மறுபடியும்.