கதிர்வேல் பார்த்த கரும்புத்தோட்டத்து மாளிகை

வேலம்பாளையத்துக் கதிர்வேல் கடல் பார்க்க ஆசைப்பட்டவர் அல்ல. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகள் தரணிதான், அப்பாவும் அம்மாவும் வந்திருக்கும்போது ஊர் சுற்றிக் காட்டாவிட்டால் எப்படி என்று, கரீபியன் தீவுகளுக்குப் போகும் உல்லாசக் கப்பலில் மூவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள். முதல் வேளைச் சாப்பாட்டைப் பார்த்ததுமே அவர் மனைவி கருப்பாத்தாள் கைப்பையிலிருந்து பருப்புப்பொடியை வெளியே எடுத்துவிட்டார். கதிர்வேலோ கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் போட்டிருந்த பனியன்களில் தையல் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அவிநாசிப் பக்கம் சோளம் விதைத்த குடும்பம். கிணறு வற்றியதும் திருப்பூருக்கு வந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்து, டெய்லராகி, கடைசியில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்தவர். தான் உழைத்த கதையை நாள் முழுக்கச் சொல்வார். தன்னிடம் உழைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் “லேபர் பிரச்சனைங்க” என்று சுருக்கமாக முடித்துவிடுவார்.

கப்பல் ஒரு தீவில் நின்றது. அங்கே குன்றின்மேல் ஒரு பழைய கரும்புத்தோட்ட முதலாளியின் மாளிகை. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். வெள்ளைத் தூண்களையும் சுற்றுத் தாழ்வாரத்தையும் பார்த்ததும், மூலவரைக் கண்ட பக்தனைப்போலக் கதிர்வேல் நின்றுவிட்டார்.

“ஊடுன்னா இது ஊடு” என்றார்.

சுற்றிக் காட்ட வந்தவள் ஆஷா. மாநிறம், சுருட்டை முடி, தீவுக்காரி. அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லத் தரணி தமிழில் சொன்னாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்ததையும், கரும்பு வெட்டுக்காலத்தில் அவர்கள் இரவும் பகலும் சாறு கொதிக்கும் கொப்பரை முன்னால் நின்றதையும் கேட்டு, கூட வந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதிர்வேலும் உருகித்தான் போயிருந்தார்.

“ரெண்டு ஷிப்டா, மூணு ஷிப்டான்னு கேளு கண்ணு.”

“அப்பா, அவங்க அடிமைங்க. ஷிப்டெல்லாம் கெடையாதுங்கப்பா.”

“அது தெரியுது. ராத்திரிக்கு சூப்பர்வைசர் யாருன்னு கேளு.”

தரணி கேட்கவில்லை.

மாடித் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி இருந்தது. முதலாளி அதில் உட்கார்ந்தபடியே தோட்டம் முழுவதையும் கண்காணிப்பாராம். “கேமரா இல்லாத காலத்துலயே எப்பிடி யோசிச்சிருக்கறான் பாரு புள்ள!” என்று மனைவியிடம் வியந்தார் கதிர்வேல். “அந்தாளுக்கு வேற சோலியே இல்லீங்ளாட்ட இருக்குது” என்றார் கருப்பாத்தாள்.

அடிமை முறையை ஒழித்தபோது அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்ததாக ஆஷா சொன்னாள்.

“பாவம், அத்தன நாள் அடிமையா கெடந்த சனத்துக்கு அதாச்சும் கெடச்சுதே” என்றார் கருப்பாத்தாள்.

“அவங்களுக்கு இல்லீங்கம்மா. ஓனருங்களுக்கு.”

கதிர்வேலுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. “லேபர் போயிட்டான்னு மொதலாளிக்குக் காசு குடுத்திருக்கறான்! கவருமெண்டுன்னா அதல்லோ கவருமெண்டு!”

கீழே இறங்கும்போது, நீங்கள் எந்த ஊர் என்று ஆஷா கேட்டாள். தமிழ்நாடு என்று தரணி சொன்னதுதான் தாமதம், ஆஷா கதிர்வேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா வழி முன்னோர்கள் மதராஸில் கப்பலேறி வந்தவர்களாம். “நீங்கள் எங்கள் சொந்தக்காரர்கள். உங்களுக்கு ஒரு இடத்தை நான் காட்டியே ஆக வேண்டும்” என்று கூப்பிட்டாள். முதலாளியின் அந்தரங்க அறையாக இருக்கும் என்று கதிர்வேல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பின்னால் போனார்.

ஆஷா சமையல்கட்டைத் தாண்டி, மேட்டை இறங்கி, மாளிகைக்குப் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தினாள். தகரக் கூரை போட்ட நீண்ட கட்டடம். வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு கதவு. ஜன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை. அடிமைகள் விடுதலையானதும், அதே கரும்பு வெட்ட உங்கள் ஊர் ஆட்களை ஐந்து வருஷக் கான்ட்ராக்டில் கொண்டுவந்து இங்கேதான் வைத்திருந்தார்கள் என்றாள் ஆஷா. “இது உங்கள் மக்களின் வீடு.”

கான்ட்ராக்ட் என்பது மட்டும் கதிர்வேலுக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

அந்த மூதாட்டி அருகே வந்து, அவர் தோளைத் தட்டி, “ஐயாம் சாரி” என்றார். கதிர்வேலின் முகம் சிவந்துவிட்டது.

“தரணி, அந்தம்மாகிட்டச் சொல்லு. நாங்க ஓனருங்க. மேல அந்தப் பெரிய ஊட்டுக்காரன் மாதிரின்னு சொல்லு.”

“இத நான் எப்பிடிங்கப்பா இங்கிலீசுல சொல்றது?”

அதற்குள் ஆஷா அவர் போனை வாங்கி, அவரை ஒரு கதவின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டாள். கருப்பாத்தாள் மட்டும் அறைக்குள்ளே போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து, கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்து ஆஷாவின் நெற்றியில் பூசி, “சாப்புட்டியா கண்ணு?” என்று கேட்டார். ஒரு வார்த்தையும் புரியாத ஆஷா குனிந்து கொடுத்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

கப்பலுக்குத் திரும்பியதும், மாளிகைப் படங்களைக் கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டார் கதிர்வேல். தூண், தாழ்வாரம், நாற்காலி. கைதவறி, கதவின் முன்னால் நின்ற படமும் சேர்ந்து போய்விட்டது. சூப்பர்வைசர் வேல்குமாரிடமிருந்து உடனே பதில் வந்தது.

“சார், நம்ம லைன் வீட்டுக்கு எப்ப சார் பெயிண்ட் அடிச்சீங்க?”

கம்பெனிக்குப் பின்னால் ஒடிசாக்காரப் பையன்களுக்குக் கதிர்வேல் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அறை வரிசையைத்தான் சொல்கிறான். வேல்குமார் கிண்டல் செய்யத் தெரிந்தவனாக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருக்கலாம். அவன் நிஜமாகவே கேட்டிருந்தான். கதிர்வேல் படத்தை அழித்துவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தார்.

ஊர் திரும்பிய மாதமே லைன் வீட்டுச் சுவரை இடித்து அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் “பையர் ஆடிட் வருதுங்க” என்றார். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் எவரும் கம்பெனியைச் சோதிக்க வருவதாக இல்லை. ஜன்னல் வைத்த கையோடு வாடகையையும் ஏற்றினார்.

கருப்பாத்தாளுக்கு விஷயம் தெரிந்தது. “காத்துக்கு வாடக வாங்கற மொத ஆளு நீங்கதானுங்க” என்று சொன்னவர், அதற்குப் பிறகு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் பார்த்த கதிர்வேல், வேல்குமாரைக் கூப்பிட்டு வாடகையைப் பழையபடியே வாங்கச் சொன்னார்.

“ஏங்க சார்?”

“ஆடிட்ல ஒத்துக்கமாட்டாங்கப்பா” என்றார்.